தலைவனைப் பிடித்தால் கும்பல் கலையுமா? குற்றத் தடுப்பில் சமூக வலையமைப்புப் பகுப்பாய்வின் இடம்

கேள்வி இதுதான்: ஒரு குற்றக் கும்பலில் யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்பதை வரைந்து, நடுவில் இருப்பவரைக் கைது செய்துவிட்டால் கும்பல் குலைந்துவிடாதா? சமூக வலையமைப்புப் பகுப்பாய்வு இவ்வளவு தெளிவாக வழிகாட்டும் என்றால், குற்றத்தைத் தடுக்க அது ஒன்றே போதாதா?

போதாது. பயனில்லாத முறை என்பதால் அப்படிச் சொல்லவில்லை. அதன் பலம் நீங்கள் தேடும் இடத்தில் குறைவாகவும், பெரும்பாலோர் தேடாத இடத்தில் கூடுதலாகவும் இருக்கிறது. யாரைச் சிறையில் அடைக்கலாம் என்று காட்டியதைவிட, அடுத்து யார் உயிருக்கு ஆபத்து, அவரை யார் வழியாக அணுகலாம் என்று காட்டியதில்தான் இம்முறை உறுதியான பலன் தந்திருக்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கையாண்ட இடங்களில் அது தீங்கும் செய்திருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சமூக வலையமைப்பு என்றதும் முகநூல் போன்ற தளங்கள் நினைவுக்கு வரலாம். இங்கே பேசப்படுவது அதுவன்று. அத்தளங்களுக்கு எழுபது ஆண்டுகள் முன்பே இம்முறை பிறந்துவிட்டது. பிறந்த இடமும் ஒருவகையில் குற்றத்தோடு தொடர்புடையதே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த பெண்களுக்கான சீர்திருத்தப் பள்ளியிலிருந்து 1932இல் இரண்டே வாரங்களில் 14 சிறுமியர் தப்பி ஓடினர். வழக்கமான எண்ணிக்கையைவிட இது பல மடங்கு அதிகம். மனநல மருத்துவரான ஜேக்கப் மொரேனோ அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். யாரோடு தங்க விருப்பம், யாரைப் பிடிக்காது என்று சிறுமியரிடம் கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு புள்ளியாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் அவர் வரைந்தார். ஓடியவர்களின் தனிப்பட்ட குணத்தைக் காட்டிலும், அந்த உறவுப் பின்னலில் அவர்கள் இருந்த இடமே ஓட்டத்தை விளக்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. ஒருத்தி ஓடியதும் அந்த எண்ணம் கோடுகளின் வழியே அடுத்தவளைச் சென்றடைந்தது. இன்று வரை இத்துறையின் அடிப்படைக் கருத்து இதுவே: ஒருவர் யார் என்பதோடு, அவர் எவருக்கு இடையில் நிற்கிறார் என்பதும் அவர் செயலைத் தீர்மானிக்கிறது.

குற்ற ஆய்வில் புள்ளிகள் பெரும்பாலும் மனிதர்கள். சில சமயம் நிறுவனங்கள், வங்கிக் கணக்குகள், தொலைபேசி எண்கள். கோடுகள் என்பவை ஒன்றாகக் கைதானது, ஒருவரோடு ஒருவர் பேசியது, பணம் கைமாறியது, ஒரே கூட்டத்தில் இருந்தது போன்ற உறவுகள். ஒருவருக்கு எத்தனை கோடுகள் என்று எண்ணுவது மிக எளிய அளவீடு. அதைவிடக் கூர்மையானது, மற்றவர்களை இணைக்கும் குறுக்குவழிகளில் எத்தனை அவர் வழியாகச் செல்கின்றன என்று கணக்கிடுவது. முதல் அளவீட்டில் உயர்ந்து நிற்பவர் எல்லாருக்கும் தெரிந்தவர். இரண்டாவதில் உயர்ந்து நிற்பவர் தரகர். அவருக்கு அறிமுகம் நான்கைந்து பேராக இருக்கலாம், ஆனால் அவர் விலகினால் சரக்கு வைத்திருப்பவரும் வாங்குபவரும் ஒருவரை ஒருவர் கண்டடைய முடியாது.

கனடாவின் குற்றவியலாளர் கார்லோ மோர்செல்லி இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். பல பேரோடு நேரடித் தொடர்பு வைத்திருப்பவர் எளிதில் கண்ணில் படுகிறார், எளிதில் கைதாகிறார். தரகர் நிலையில் இருப்பவர் ஒப்பீட்டளவில் தப்பிவிடுகிறார். தெருக் குற்றத்துக்கு மட்டும் உரியதன்று இது. 1950களில் அமெரிக்காவில் கனரக மின்சாதன உற்பத்தியாளர்கள் இரகசியமாகக் கூடிப் பேசி விலைகளை நிர்ணயித்த வழக்கை வேய்ன் பேக்கரும் ராபர்ட் ஃபாக்னரும் 1993இல் ஆராய்ந்தபோது, சதியில் அதிகமானோரோடு நேரடித் தொடர்பு வைத்திருந்த அதிகாரிகளே குற்றவாளிகளாகத் தீர்ப்புப் பெறும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. ஒவ்வொரு தொடர்பும் ஒரு சாட்சி. ஆகவே வரைபடத்தில் மிகவும் தடித்துத் தெரியும் புள்ளி பல சமயம் தலைவனைக் குறிப்பதில்லை. வெளியில் தெரியும்படி வேலை செய்தவரைத்தான் குறிக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நடுவில் இருப்பவரை நீக்கினால் என்ன ஆகிறது?

இதற்கு மிக நல்ல சான்று, மான்ட்ரியலில் 1994 முதல் 1996 வரை நடந்த 'கேவியார்' என்ற காவல் நடவடிக்கை. போதைப்பொருள் இறக்குமதி செய்த கும்பல் ஒன்றைக் காவல்துறை இரண்டு ஆண்டுகள் ஒட்டுக்கேட்டது. சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். ஆட்களைக் கடைசி வரை கைது செய்யவில்லை. இவ்வாறு 11 பறிமுதல்கள் நடந்தன. அடிமேல் அடி வாங்கிய ஒரு குற்ற வலையமைப்பு எப்படி உருமாறுகிறது என்பதை ஏறக்குறைய ஆய்வகச் சோதனை போலப் பார்க்கும் அரிய வாய்ப்பு இது. உரையாடல் பதிவுகள் நீதிமன்ற ஆவணங்களாகியபின் மோர்செல்லி அவற்றிலிருந்து 110 பேர் கொண்ட வலையமைப்பை உருவாக்கிக் கட்டம் கட்டமாக ஆராய்ந்தார். தொடக்கத்தில் எல்லாத் தொடர்பும் ஒரே மனிதரிடம் குவிந்திருந்தது. பறிமுதல்கள் தொடரத் தொடர அவர்மீதான நம்பிக்கை தளர்ந்தது, மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள், வேறொருவர் மேலெழுந்தார், கஞ்சாப் பிசினில் தொடங்கிய தொழில் கொக்கெயினுக்கும் விரிந்தது. இறுதிக் கட்டத்தில் வலையமைப்பு பரவலாகி, எந்த ஒருவரையும் அவ்வளவாகச் சாராததாகிவிட்டது. அந்த 110 பேரில் எல்லாருமே கடத்தல்காரர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முதலீட்டாளர்களும் கணக்காளர்களும் இறக்குமதி நிறுவன உரிமையாளர்களும் அதில் இருந்தனர். புள்ளியாக இடம்பெற்றது குற்றத்துக்குச் சான்றாகாது.

நெதர்லாந்தில் கஞ்சா பயிரிடும் வலையமைப்பு ஒன்றின் காவல்துறைத் தரவுகளைக் கொண்டு பால் டெய்ன் உள்ளிட்ட மூவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கசப்பான முடிவுக்கு வந்தது. அவ்வலையமைப்பிலிருந்து முக்கியமானவர்களை வெவ்வேறு உத்திகளில் நீக்கிப் பார்க்கும் கணினி உருவகச் சோதனையில், எஞ்சியவர்கள் விரைவில் மாற்று ஆட்களைக் கண்டுபிடித்து இணைந்துகொண்டனர். அப்படி மீண்டபின் வலையமைப்பு முன்பைவிடத் திறம்பட இயங்கக்கூடியதாகவும் ஆனது. ஏன் அப்படி? குற்ற வலையமைப்பு எப்போதும் இரண்டு தேவைகளுக்கு இடையே இழுபடுகிறது. காரியம் விரைவாக நடக்க நெருக்கம் வேண்டும். பிடிபடாமல் இருக்க விலகல் வேண்டும். ஒருவர் கைதானதும் மற்றவர்கள் புதிய ஆளைத் தேடி வெளியே கை நீட்டுகிறார்கள். அப்போது புதிய இணைப்புகள் பிறக்கின்றன. தேடும் அந்தக் காலத்தில் அவர்கள் கூடுதலாக வெளிப்படுகிறார்கள் என்பதும் உண்மை. எனவே, விசாரணையாளருக்கு உதவுவது கைதைவிடக் கைதுக்குப் பிந்தைய சில வாரங்களைக் கவனிப்பதே என்பது என் கருத்து.

நீக்கப்படுபவர் எளிதில் மாற்று கிடைக்காத திறன் உள்ளவராக இருந்தால் நிலை சற்று வேறு. வேதியியல் அறிந்தவர், சுங்க ஆவணங்களைத் தயாரிக்கத் தெரிந்தவர், கறுப்புப் பணத்தை முறையான கணக்குகளுக்குள் நுழைக்கத் தெரிந்தவர் போன்றோரின் இழப்பை வலையமைப்பு எளிதில் ஈடுசெய்ய முடியாது. ஆனால் அதைக் கோடுகளின் எண்ணிக்கை சொல்லாது. ஒவ்வொரு புள்ளியும் என்ன வேலை செய்கிறது என்ற தகவலையும் சேர்த்தால்தான் தெரியும். படம் மட்டும் இருந்து பயனில்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் வால்டிஸ் கிரெப்ஸ் என்ற ஆலோசகர், நாளிதழ்களில் வெளியான செய்திகளை மட்டுமே வைத்து 19 விமானக் கடத்தல்காரர்களின் தொடர்புகளை வரைந்தார். நெருங்கிய உறவுகளை மட்டும் கணக்கில் எடுத்தபோது, 19 பேர் மட்டுமே கொண்ட அச்சிறு குழுவில் ஒருவரிடமிருந்து மற்றவரை அடையச் சராசரியாக 4.75 படிகள் தேவைப்பட்டன. ஒரே விமானத்தில் ஏறப்போகிறவர்களே தங்களுக்குள் விலகி இருந்திருக்கிறார்கள். இடையிடையே நடந்த ஒருசில சந்திப்புகளைச் சேர்த்ததும் அந்தத் தொலைவு 2.79 ஆகச் சுருங்கியது. பிணைப்பு தேவைப்படும்போது மட்டும் உயிர்பெற்று மீண்டும் உறங்கிவிட்டது. அந்தப் படம் தெளிவாகத் தெரிந்ததற்குக் காரணம், யாரிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதற்குள் உலகுக்கே தெரிந்திருந்ததுதான். நடந்தபின் வரைவது வேறு; நடப்பதற்குமுன் இலட்சக்கணக்கான சாதாரணத் தொடர்புகளிலிருந்து அந்தப் பத்தொன்பது புள்ளிகளைப் பிரித்தெடுப்பது முற்றிலும் வேறு.

இங்கே தரவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மால்கம் ஸ்பாரோ 1991இலேயே குற்ற உளவுத் தகவலுக்கு இம்முறையைப் பொருத்துவதில் உள்ள மூன்று இடர்ப்பாடுகளைச் சுட்டினார்: தகவல் எப்போதும் முழுமையற்றது, வலையமைப்பின் எல்லை எங்கே முடிகிறது என்று வரையறுப்பது கடினம், உறவுகள் நாளுக்கு நாள் மாறுகின்றன. முதலாவதை நான் இன்னும் கடுமையாகவே சொல்வேன். விடுபட்ட தகவல் சீட்டுக் குலுக்கியதுபோல் தற்செயலாக விடுபடுவதில்லை. காவல்துறை யாரைக் கவனித்ததோ அவருக்குக் கோடுகள் பெருகுகின்றன. கோடுகள் பெருகியதால் அவர் முக்கியமானவராகத் தெரிகிறார். முக்கியமானவர் என்பதால் மேலும் கவனிக்கப்படுகிறார். எந்தப் பகுதியில் அதிகமாகச் சோதனை நடக்கிறதோ அந்தப் பகுதி இளைஞர்களே வரைபடத்தின் நடுவில் வந்து நிற்பார்கள். அதைக் குற்றத்தின் வரைபடம் என்று நம்பிவிடக் கூடாது. அது முதலில் காவல் பணியின் வரைபடம்.

இத்தனை குறைகள் இருந்தும் நான் இம்முறையை ஆதரிப்பதற்குக் காரணம், துப்பாக்கி வன்முறை பற்றிய ஆய்வுகள். பாஸ்டன் நகரில் வன்முறை மிகுந்த ஒரு சமூகத்தில் 763 பேரின் தொடர்புகளை ஆண்ட்ரூ பாப்பாக்கிறிஸ்டோஸ், ஆந்தனி பிராகா, டேவிட் ஹியூரோ ஆகியோர் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். அந்தச் சமூகத்தில் நிகழ்ந்த துப்பாக்கிக் காயங்களில் 85 விழுக்காடு அந்த ஒரே வலையமைப்புக்குள் நிகழ்ந்தவை. சுடப்பட்ட ஒருவரிடமிருந்து ஒவ்வொரு படி விலகும்போதும் தாமும் சுடப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தது. பிறகு சிகாகோவில் இன்னும் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். 2006 முதல் 2014 வரை, ஒன்றாகக் கைதானதன் மூலம் இணைந்த 1,38,163 பேரின் வலையமைப்பில் 11,123 துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. பென் கிரீன், திபோ ஹோரல், பாப்பாக்கிறிஸ்டோஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, அவற்றில் 63.1 விழுக்காட்டை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றிய வன்முறையாக விளக்கலாம். தொற்றிய இடைவெளி சராசரியாக 125 நாட்கள்.

இந்த எண்ணை நான் முதன்முதலில் படித்தபோது புள்ளிவிவரம் மறந்து மனிதர்களே நினைவுக்கு வந்தார்கள். ஓர் இளைஞன் சுடப்படுகிறான் என்றால், அவனோடு பழகியவர்களின் உயிருக்கு ஆபத்து கூடிவிட்டது என்று முன்கூட்டியே அறிய முடியும். அவர்களை அணுகச் சில மாத அவகாசமும் இருக்கிறது. வயது, பால், இனம், வசிக்கும் பகுதி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் கணித்தால் ஒரு பகுதி முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்க வேண்டியிருக்கும். பழக்கத்தின் வழியே பார்த்தால் ஆபத்து மிகச் சிறிய வட்டத்துக்குள் குவிந்திருப்பது தெரிகிறது. சிகாகோவைப் பற்றிய மற்றோர் ஆய்வில், உயிர் தப்பிய துப்பாக்கிச் சூட்டுக் காயங்களில் 70 விழுக்காடு, நகர மக்கள்தொகையில் 6 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களைக் கொண்ட வலையமைப்புகளுக்குள் நிகழ்ந்ததாகக் கண்டார்கள். 'அந்தப் பகுதி ஆட்களே அப்படித்தான்' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல மறுப்பு இருக்க முடியாது.

தொற்று என்ற சொல்லை அளவோடு கொள்ள வேண்டும். ஒத்த சூழலில் வாழ்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பழகுவதால் அவர்களுக்கு ஒரே வகை ஆபத்து நேரலாம். அதைத் தொற்று என்று தவறாக எண்ணிவிடவும் கூடும். ஆய்வாளர்கள் இதைப் பிரித்தறிய முயன்றிருக்கிறார்கள். முழுமையாகப் பிரிப்பது எளிதன்று. ஆனால் யாருக்கு முதலில் உதவி செல்ல வேண்டும் என்று முடிவு செய்ய, காரணம் இரண்டில் எது என்று தீர்ந்திருக்க வேண்டிய தேவை இல்லை.

நடைமுறையில் இதற்கு முன்னோடி, பாஸ்டனில் 1996இல் நடைமுறைக்கு வந்த போர்நிறுத்தத் திட்டம். அதற்குப் பெரிய கணினி எதுவும் தேவைப்படவில்லை. காவலர்கள், நன்னடத்தை அலுவலர்கள், தெருவில் இளைஞர்களோடு வேலை செய்யும் பணியாளர்கள் ஆகியோரை ஒன்றாக உட்காரவைத்து, எந்தக் குழுக்கள் இருக்கின்றன, எந்தக் குழுவுக்கு எதனோடு பகை என்று கேட்டுக் கேட்டு வரைந்தார்கள். சுமார் 1,300 பேர் கொண்ட 61 குழுக்கள் தெரியவந்தன. நகரின் இளைஞர்களில் 1 விழுக்காட்டுக்கும் குறைவான அவர்களே இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டுக்குக் காரணம். பகையில் இருந்த குழுக்களை அழைத்து நேருக்கு நேர் பேசினார்கள்: கொலை நடந்தால் குழு முழுவதன் மீதும் சட்டத்தின் எல்லாப் பிடிகளும் இறுகும், விலக விரும்புவோருக்கு உதவி தயார். அழைக்கப்பட்டவர்கள் மற்றவர்களிடம் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வன்முறை பரவிய அதே கோடுகளின் வழியே எச்சரிக்கையும் பரவியது. மாதந்தோறும் நிகழும் இளைஞர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். அதே காலத்தில் வேறு நகரங்களிலும் கொலைகள் குறைந்ததால், அந்த எண் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதலாமா என்ற விவாதம் உண்டு. ஆனால் இவ்வகைத் திட்டங்கள் குறித்த 24 மதிப்பீடுகளைப் பிராகாவும் உடனாய்வாளர்களும் திரட்டிப் பார்த்தபோது, ஒட்டுமொத்தமாக மிதமான அளவில் குற்றம் குறைந்திருப்பதையே கண்டார்கள். மிதமானது என்ற சொல்லை நான் குறையாகக் கருதவில்லை; இத்துறையில் மிதமான, திரும்பத் திரும்பக் கிடைக்கும் பலனே அரிது.

இனி அதே வரைபடம் பட்டியலாக மாறியபோது நேர்ந்ததைப் பாருங்கள். சிகாகோ காவல்துறை, சுடவோ சுடப்படவோ வாய்ப்புள்ளவர்கள் என்று கணினி வழியாகக் கணித்துப் பெயர்ப்பட்டியல் தயாரித்தது. தொடக்கப் பதிப்பில் 426 பேர். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பட்டியலில் இருந்தவர்கள் கொலைக்கோ துப்பாக்கிச் சூட்டுக்கோ இரையாகும் வாய்ப்பு குறையவில்லை. துப்பாக்கிச் சூட்டு வழக்கில் கைதாகும் வாய்ப்புதான் கூடியது. பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று காவலர்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவும் இல்லை. காப்பாற்றப்பட வேண்டியவர்கள் என்று தயாரான பெயர்கள், குற்றம் நடந்ததும் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவர்கள் என்று படிக்கப்பட்டன. பின்னர் அது ஏறக்குறைய 4,00,000 பேருக்கு மதிப்பெண் போடும் அளவுக்கு விரிந்து, 2019 இறுதியில் கைவிடப்பட்டது.

இலண்டன் மாநகரக் காவல்துறை 2012இல் தொடங்கிய கும்பல் பட்டியலின் கதையும் இதைப் போன்றதே. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2018இல் அது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியதாக அறிவித்தது. அது சுட்டிய குறைகளுள் ஒன்று, கும்பல் குற்றத்துக்கு இரையானவர்களையும் குற்றம் செய்தவர்களையும் பட்டியல் தெளிவாகப் பிரிக்கவில்லை என்பது. 2024இல் அதுவும் விலக்கப்பட்டது. அந்தக் குழப்பம் எழுத்துப் பிழை போன்றதன்று, முறையின் இயல்பிலேயே இருக்கிறது. இரையானவருக்கும் இழைத்தவருக்கும் நடுவே உள்ள கோட்டுக்கு இரண்டு முனைகள் உண்டு. முனைகளைப் பெயரிட்டுப் பிரிக்காவிட்டால் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

பணக் குற்றங்களில் நிலை கொஞ்சம் ஆறுதலானது. அங்கே நிறுவனம், இயக்குநர், முகவரி, கணக்கு ஆகிய எல்லாம் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். கோடு என்பது யூகம் அன்று, கையெழுத்து. பெயரளவிலான வெளிநாட்டு நிறுவனங்களை அமைத்துத் தந்த ஒரு சட்ட நிறுவனத்திலிருந்து கசிந்த பனாமா ஆவணங்கள் 2016இல் வெளியானபோது, 1.15 கோடி ஆவணங்களுக்குள் யார் எந்த நிறுவனத்தின் பின்னால் இருக்கிறார் என்று செய்தியாளர்கள் தேட முடிந்ததற்கு, உறவுகளைக் கோடுகளாகவே சேமிக்கும் தரவுத்தளம் பெரிதும் உதவியது. அதிகாரம் உள்ளவர்களை நோக்கியும் இம்முறையைத் திருப்ப முடியும் என்பதால் இந்த உதாரணம் எனக்கு முக்கியம்.

ஒரு நகரமோ அமைப்போ இதைத் தொடங்க நினைத்தால் நான் முதலில் கேட்பது மென்பொருளைப் பற்றி அன்று. வரைபடத்தில் ஒரு பெயர் வந்ததும் அந்த வீட்டுக்கு யார் போவார்? காவலர் மட்டும்தான் என்றால் தொடங்கவே வேண்டாம் என்பேன். மருத்துவமனையிலிருந்து ஒருவர், அந்த இளைஞன் மதிக்கும் ஒருவர், வேலையும் இருப்பிடமும் ஏற்பாடு செய்யக்கூடிய ஒருவர் ஆகியோர் அந்த வாரமே செல்லத் தயாராக இருக்க வேண்டும். அடுத்தது, பெயர் எப்போது நீங்கும்? ஸ்டாக்ஹோம் இளைஞர்களின் கூட்டுக் குற்றங்களை ஆராய்ந்த யெர்சி சர்னெட்ஸ்கி, சேர்ந்து குற்றம் செய்த உறவுகளில் பெரும்பாலானவை குறுகிய காலமே நீடித்ததைக் கண்டார். பதினைந்து வயதில் ஒரே ஒருமுறை ஒன்றாகப் பிடிபட்ட இருவருக்கு நடுவே வரைந்த கோடு, அவர்கள் ஒருவரை ஒருவர் மறந்த பின்னும் தரவுத்தளத்தில் அழியாமல் கிடக்கும். எனவே ஒவ்வொரு கோட்டுக்கும் அது வரையப்பட்ட நாளையும் அழிக்கப்படும் நாளையும் தொடக்கத்திலேயே சேர்த்து எழுதிவிட வேண்டும்.